மளிகை அலமாரி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வீட்டு மளிகை அலமாரிக்கு இரண்டு வேலைகள் உண்டு. வாங்கிய சாமான் கெடாமல் இருக்க வேண்டும். அடுப்பு எரியும்போது தேடாமல் கைக்கு வர வேண்டும். இவ்விரண்டும் பிரிக்க முடியாதவை. பின்வரிசையில் மறைந்து கிடக்கும் சாமான்தான் பெரும்பாலும் வண்டு பிடிக்கிறது. அதைச் சலித்துப் புடைத்துப் பொறுக்குவதில்தான் சமையல் நேரம் கரைகிறது. அலமாரியைப் பற்றிப் பரவலாக நிலவும் நம்பிக்கைகள் சிலவற்றைத் தானியம், பருப்பு, மாவு ஆகியவற்றின் இயல்போடு ஒப்பிட்டுப் பார்த்தால் எது நிற்கும், எது நிற்காது என்பது தெரியும்.

“இறுக மூடிய டப்பாவில் வண்டு வராது”

வண்டு பெரும்பாலும் வெளியிலிருந்து டப்பாவுக்குள் நுழைவதில்லை. சாமானோடு சேர்ந்தே வீட்டுக்கு வருகிறது. அரிசிக் கூன்வண்டு மணியைத் துளைத்து, உள்ளே முட்டையிட்டு, துளையை அடைத்துவிடுகிறது. புழு மணிக்குள்ளேயே தின்று வளர்ந்து, நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாக வெளிவருகிறது. பயறு வண்டு முட்டையை மணியின் மேல்தோலில் ஒட்டிவைக்கும். தட்டைப்பயறிலும் பச்சைப்பயறிலும் காணப்படும் சிறு வெள்ளைப் புள்ளிகள் இந்த முட்டைகளே. வாங்கிய அன்று சுத்தமாகத் தெரிந்த பயறு சில வாரங்களில் ஓட்டை ஓட்டையாக மாறுவதற்கு இதுதான் காரணம்.

காற்றே புகாத பையில் பூச்சிகள் உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுச் செத்துப்போகும் என்பது உண்மை. மேற்கு ஆப்பிரிக்காவில் தட்டைப்பயறு உழவர்கள் இந்த முறையில் பல அடுக்குப் பைகளில் பயறைச் சேமிக்கிறார்கள். ஆனால் அந்தப் பை மாதக்கணக்கில் திறக்கப்படுவதில்லை. தினமும் திறந்து மூடும் டப்பாவுக்குள் புதுக் காற்று போய்க்கொண்டே இருக்கும். அப்படியானாலும் இறுக்கமான மூடி வீண் அல்ல. ஈரத்தைத் தடுக்கும், ஒரு டப்பாவில் கிளம்பிய வண்டு அடுத்த டப்பாவுக்குப் பரவாமலும் காக்கும்.

வண்டை நிறுத்த வேண்டிய இடம் வாசல். புதிதாக வந்த ரவை, பயறு, மாவு ஆகியவற்றைப் பையோடு உறைபெட்டியில், மைனஸ் 18 டிகிரியில், நான்கு நாள் வைத்தால் முட்டை, புழு எல்லாம் அழியும். வெளியே எடுத்த பையை உடனே பிரிக்கக் கூடாது. சாமான் அறை வெப்பத்துக்கு வந்த பிறகு பிரித்தால் நீர் கோக்காது. உறைபெட்டி இல்லாத வீட்டில், கொளுத்தும் வெயிலில் கறுப்புத் துணிமேல் பயறை மெல்லிசாகப் பரப்பி, மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள் போர்த்தலாம். திறந்தவெளியில் காயவைப்பதைவிட இதில் சூடு கூடுதலாக ஏறும். பருப்பில் விளக்கெண்ணெய் தடவும் பழைய வழக்கமும் சரியானதே: எண்ணெய்ப் படலம் முட்டையை மூச்சுவிட விடாது. கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி போதும்.

“வேப்பிலையோ வசம்போ போட்டால் போதும்”

வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் மணத்தால் பூச்சியை ஓரளவு விலக்கும். மணிக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. வசம்பு வலுவானது. ஆனால் அதிலுள்ள அசரோன் என்ற பொருள் எலிகளில் புற்றுநோய் உண்டாக்கியது தெரியவந்ததால், 1968இல் அமெரிக்கா உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்தது. துண்டாகத் துணியில் முடிந்து வைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பொடித்துச் சாமானில் கலக்கக் கூடாது.

சில வீடுகளில் அரிசியில் போரிக் பவுடர் கலக்கிறார்கள். இது மனிதருக்கும் நஞ்சு. கழுவினால் முழுதும் போய்விடும் என்று நம்புவதற்கில்லை. கிடங்குகளில் பயன்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை இதைவிடப் பலமடங்கு கொடியது. காற்றின் ஈரம் பட்டவுடன் அது பாஸ்பீன் வாயுவை வெளிவிடும். மூடிய வீட்டில் அந்த வாயு உயிரைப் பறிக்கும். இவ்விரண்டும் சமையலறையின் பக்கமே வரக் கூடாதவை.

“ஒரே மாதிரி டப்பாக்கள் வாங்கி அடுக்கினால் ஒழுங்கு வந்துவிடும்”

பார்வைக்கு ஒழுங்கு வரும். கூடவே ஒரு இழப்பும் வரும்: பாக்கெட்டைக் குப்பையில் போட்டவுடன் தேதி போய்விடுகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி காலாவதித் தேதி கட்டாயம். ‘இந்தத் தேதிவரை சிறப்பாக இருக்கும்’ என்பது தயாரிப்பாளர் விரும்பினால் கூடுதலாகப் போடுவது. அது சுவையையும் தரத்தையும் பற்றியது. பாக்கெட்டில் தேதி அச்சிட்ட துண்டை வெட்டி டப்பாவின் பின்புறம் ஒட்டிவிட்டால் இந்த இழப்பு இல்லை.

இதைவிடப் பெரிய தவறு, மீதியிருக்கும் சாமான்மேல் புதியதைக் கொட்டுவது. அடியில் ஒரு பிடி ரவை ஆண்டுக்கணக்கில் வெளியே வராமல் தங்கிவிடும். அதிலிருக்கும் பூச்சிக்கு மாதந்தோறும் புது உணவு கிடைக்கும். பழையதை ஒரு கிண்ணத்தில் எடுத்து, டப்பாவைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, புதியதைக் கீழேயும் பழையதை மேலேயும் போட வேண்டும். இரண்டு நிமிட வேலைதான்; அலமாரியை ஒழுங்காக வைத்திருப்பதில் இதற்கு இணையான பழக்கம் வேறில்லை.

கண்ணாடிப் பாட்டில்களை வெளிச்சம் படும்படி அடுக்குவதும் பொடிகளுக்கு ஆகாது. மிளகாய்த்தூளும் மஞ்சள்தூளும் ஒளியில் நிறம் மங்கும். எண்ணெய்க்கு ஒளி, சூடு, காற்று மூன்றுமே பகை. அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கும் கடலை எண்ணெயில் சிக்கு வாடை சீக்கிரம் ஏறும்.

“மொத்தமாக ஆண்டுக்கு வாங்கிவைத்தால் லாபம்”

அரிசிக்கு இது பொருந்தும். பழைய அரிசி உதிரியாக வேகும் என்பது வெறும் நம்பிக்கை அல்ல. சேமிப்பில் மணியின் மாவுச்சத்தும் புரதமும் மாறுவதால் ஒட்டும் தன்மை குறைகிறது. ஈரப்பதம் 14 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. புளியும் கொட்டை எடுத்து, உப்புச் சேர்த்து, பீங்கான் ஜாடியில் அடைத்தால் ஆண்டுக்கும் நிற்கும். உலோகப் பாத்திரத்தைப் புளியின் அமிலம் அரிக்கும்.

பருப்புக்கும் பயறுக்கும் கதை வேறு. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் பல மாதம் கிடந்த கொண்டைக்கடலை எத்தனை விசில் விட்டாலும் வேகாமல் அடம்பிடிக்கும். உள்ளே செல்களை ஒட்டவைக்கும் பெக்டின் கரைய மறுப்பதே காரணம். கடின நீரில் கால்சியம் மிகுதி என்பதால் அதில் வேகவைத்தால் இன்னும் மோசம். பலர் தண்ணீரை மட்டும் குறை சொல்வார்கள். அலமாரியில் கடலை எத்தனை நாள் கிடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அன்றாடச் சமையல் எளிதாக வேண்டும் என்றால் முழுப்பயறுகளை இரண்டு மூன்று மாதத் தேவைக்கு மேல் வாங்காதிருப்பது நல்லது.

மாவுகளுக்கு அவகாசம் இன்னும் குறைவு. கம்பில் கொழுப்பு அதிகம். அரைத்த சில நாட்களிலேயே நொதிகள் அதைச் சிதைத்து மாவைக் கசக்கவைக்கும். கேழ்வரகில் கொழுப்பு குறைவு என்பதால் அதன் மாவு கூடுதல் காலம் தாங்கும்.

“பூஞ்சை பிடித்ததைக் காயவைத்து வறுத்தால் சரியாகும்”

சரியாகாது. வேர்க்கடலை, மக்காச்சோளம், மிளகாய், கொப்பரை ஆகியவற்றில் பிடிக்கும் ஒருவகைப் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது கல்லீரலைத் தாக்கும், புற்றுநோய்க்கும் வழிவகுக்கும். வீட்டுச் சமையலின் சூட்டில் அது அழிவதில்லை. 1960இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தபோது, தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கின் வழியே இந்த நஞ்சு கண்டறியப்பட்டது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பகுதிகளில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் தின்று நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். முகர்ந்தால் மக்கிய வாடை வரும் கடலையைப் பொறுக்கிப் பயன்படுத்துவதும் ஆபத்தே. அந்தப் பொட்டலத்தை அப்படியே தூக்கிப் போட வேண்டும்.

“இடம் பெரிதாக இருந்தால்தான் ஒழுங்காக வைக்க முடியும்”

அஞ்சறைப்பெட்டி இதற்கு நேர்மாறான சான்று. ஒரு கையில் எடுத்துவிடக்கூடிய அளவு. கடுகு, உளுத்தம்பருப்பு, சீரகம், வெந்தயம் என்று தாளிப்புக்குச் சேர்ந்தே தேவைப்படுபவை சேர்ந்தே இருக்கும். சிறிய அளவு என்பதால் அடிக்கடி தீர்ந்து, அடிக்கடி புதுப்பிக்கப்படும். அலமாரி முழுவதற்கும் இதே முறை செல்லும்: குழம்புக்கு வேண்டிய துவரம்பருப்பு, புளி, பொடி ஒரு தட்டில், காலைப் பலகாரத்துக்கான ரவை, சேமியா, அவல் இன்னொன்றில். தினமும் எடுப்பவை இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்கட்டும். அரிசி டிரம் கீழே, தரையில் படாமல் ஒரு பலகைமேல். ஆழமான தட்டில் பின்வரிசை என்பதே வேண்டாம். வேறு வழியில்லை என்றால் டப்பாக்களை ஒரு தட்டத்தில் வைத்து இழுத்துக்கொள்ளலாம். அடுப்புக்கு நேர் மேலுள்ள தட்டில் ஆவி அடிக்கும். அங்கே உப்பும் பொடிகளும் கூடாது. அயோடின் உப்பு ஈரத்திலும் சூட்டிலும் தன் அயோடினை இழந்துவிடும்.

“குளிர்பதனப் பெட்டியில் எல்லாமே பத்திரம்”

உருளைக்கிழங்கு அங்கே இனிக்கத் தொடங்கும். மாவுச்சத்து சர்க்கரையாவதால் வறுக்கும்போது சீக்கிரம் கருகும். காப்பித்தூளை அடிக்கடி வெளியே எடுத்தால் நீர் கோத்து மணம் போகும். கம்பு மாவு, முந்திரி, எள் போன்ற கொழுப்பு மிகுந்தவற்றுக்கும், மழைக்காலத்தில் ரவைக்கும் அங்கே இடம் கொடுக்கலாம்.