ஏட்டில் இறங்கிய பறவை

பூவிருந்தவல்லியை அடுத்துள்ளது செம்பரம்பாக்கம் ஏரி. அடையாறு இதனின்று புறப்படுகிறது. சென்னை மாநகரின் குடிநீரில் ஒரு பங்கும் இங்கிருந்தே செல்கிறது. விடியற்காலையில் அதன் கரைமீது நடந்து செல்லும் மாணவன் ஒருவன், நீரோரத்தில் வெண்ணிறப் பறவைகள் சில நிற்கக் காண்கிறான் என்று கொள்வோம். வீடு திரும்பியதும், ‘இன்று கொக்குகளைக் கண்டேன்’ என்று குறிப்பேட்டில் எழுதுகிறான். எழுதியது பொய்யன்று, ஆயினும் அதனால் அவன் புதிதாக அறிந்தது யாதுமில்லை.

அவனே அப்பறவையை வரைய முற்பட்டால் நிலைமை மாறிவிடும். எழுதுகோல் தாளைத் தொட்டவுடன் வினாக்கள் எழும். அலகு கறுப்போ, மஞ்சளோ? காலின் நிறமும் பாதத்தின் நிறமும் ஒன்றோ? விடை தெரியாமையால் அவன் மறுநாளும் ஏரிக்குச் செல்வான். கறுத்த அலகும் கறுத்த கால்களும் மஞ்சள் பாதங்களும் உடைய சின்னக் கொக்கு வேறு, மஞ்சள் அலகுடன் மாடுகளின் பின்னே திரியும் உண்ணிக் கொக்கு வேறு என்பது அப்பொழுதுதான் அவனுக்குப் புலனாகும். சேற்றோரத்தில் மண்ணோடு மண்ணாய் ஒடுங்கி நின்ற மடையான், திடுமென எழுந்து வெண்சிறகு விரிக்கும்போது வேறொரு பறவையோ என்று அவனைத் திகைக்க வைக்கும். பார்த்துவிட்டதாக எண்ணிக் கண் கடந்து சென்றவற்றைக் கை கண்டுபிடித்துக் கொடுக்கிறது. ஓவியம் அழகாக அமைய வேண்டும் என்பதில்லை. கழுத்துக் கோணலாயினும் குற்றமில்லை. பக்கத்தில் அம்புக்குறி இட்டு நிறத்தையும் நாளையும் இடத்தையும் குறித்தால் போதும்.

பார்த்ததை எழுதுதல், எழுதியதற்குப் படம் வரைதல் ஆகிய இரண்டையும் வாழ்நாள் முழுவதும் கைக்கொண்டவர் இயற்கை அறிஞர் மா. கிருஷ்ணன். இவர் ‘பத்மாவதி சரித்திரம்’ இயற்றிய அ. மாதவையாவின் மைந்தர், 1912ஆம் ஆண்டு பிறந்து, சென்னை மயிலாப்பூரில் வளர்ந்தவர். அந்நாளைய மயிலாப்பூரில் புதர்க்காடும் அதில் நரிகளும் இருந்தன என்றால் இன்று நம்புவார் அரியர். 1927இல் இவர் மாநிலக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கிருந்த தாவரவியல் பேராசிரியர் பைசன், நீலகிரி, பழனி மலைகளின் செடிகொடிகளைப் பற்றிப் படங்களுடன் நூல் எழுதியவர். அவருடன் மலைகளுக்குச் சென்று செடிகளை ஆராய்ந்த கிருஷ்ணன், அவருடைய துணைவியாரிடம் நீர்வண்ண ஓவிய முறைகளையும் பயின்றார். வகுப்பறை தந்ததினும் மிகுதியாக அம்மலைவழிகள் அவருக்குத் தந்திருக்க வேண்டும்.

கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில், ‘நாட்டுப்புறக் குறிப்பேடு’ எனப் பொருள்படும் தலைப்பில் 1950 முதல் 1996இல் மறையும்வரை, 46 ஆண்டுகள், அவர் எழுதிவந்தார். அவற்றிற்குரிய கோட்டுப் படங்களையும் தாமே வரைந்தார். காட்டு யானைகளை மட்டுமன்றி, வீட்டு முற்றத்துக்கு வரும் எளிய உயிர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை.

இதனால் நூல் வேண்டா என்பதன்று. சாலிம் அலி எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் 1941இல் வெளிவந்தது, இன்றும் பயன்படுகிறது. ஏரிக்கரையில் வரைந்து பழகியவன் அத்தகைய நூலை வினாவோடு திறக்கிறான்; விடை இருக்கும் பக்கம் அவனை நிறுத்திவிடும். நூலிலுள்ள படத்தைப் பார்த்து அப்படியே தன் ஏட்டில் வரைந்துகொள்வோரும் உளர். அது கைக்குப் பயிற்சியாகலாம், கண்ணுக்கு ஆகாது.

1964இல் தொழிற்பேட்டை அமைந்தபின் அம்பத்தூர் விரைந்து வளர்ந்தது. அங்கும் ஆவடியைச் சூழ்ந்தும் வயல்கள் இருந்த இடங்களில் வீடுகளும் பட்டறைகளும் எழுந்தன. அம்மாற்றத்தைத் தடுப்பது மாணவன் கையில் இல்லை. ஆனால் கொரட்டூர் ஏரிக்கு எத்திங்களில் எப்பறவை வந்தது, எம்மரத்தில் தங்கியது என்று அவன் படத்துடன் எழுதிவைத்தால், அம்மரம் மறைந்த பின்னும் அச்செய்தி மறையாது. மயிலாப்பூர் நரிகளை நாம் அறிவதும், கண்டவர்கள் சொல்லி வைத்தமையால் அன்றோ?

செம்பரம்பாக்கத்து மாணவனின் ஏட்டில் ஒரு படம் மட்டும் இன்னும் முடியவில்லை. கரிய உடலும் வெண்ணிற அலகும் கொண்ட நாமக்கோழி ஒன்று நீந்திக்கொண்டே இருந்தமையால், அதன் பாதம் அவனுக்குத் தெரியவில்லை. அவ்விடத்தை வெறுமையாக விட்டு, அருகில் ஒரு வினாக்குறி இட்டிருக்கிறான்.