நீர்மேல் இன்னிசை

நீரும் இசையும் நெடுங்கால நட்புடையன. ஐவகை நிலங்களுக்கும் தனித்தனியே யாழும் பறையும் வகுத்த நம் முன்னோர், கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு விளரியாழையும் மீன்கோட்பறையையும் உரியனவாக்கினர். சிலப்பதிகாரத்திலே கோவலனும் மாதவியும் யாழிசைத்துப் பாடிய இடமும் புகார்க் கடற்கரையே. தோணி வலிப்போரும் வலை இழுப்போரும் பாடும் அம்பாப் பாட்டு, பலர் கைகளை ஒரே கணத்தில் இயங்கச் செய்யும் உழைப்பின் தாளமாகும். இங்ஙனம் நீர்மேற் செல்வார்க்கு இசை களைப்பை மாற்றும் மருந்தாகவும், தனிமையைப் போக்கும் துணையாகவும் இருந்து வந்துள்ளது.

இக்காலத்திலே படகில் பாடுவார் ஒருவரும் இல்லாதபோதும் பாட்டு எழுகின்றது. பயணி ஒருவர் தம் கைப்பேசியைத் தொடுகின்றார்; தொலைநாட்டில் அடுக்கி வைக்கப்பட்ட இசைக் களஞ்சியத்திலிருந்து ஒரு பாட்டு வானலை வழியே ஓடிவந்து, படகின் ஒலிபெருக்கியிலே ஒலிக்கின்றது. நீரோடை போல இடையறாது ஓடிவருதலின் ஆங்கிலேயர் இதனை ‘ஸ்ட்ரீமிங்’ என்பர். நாம் இதனை ‘ஓடையிசை’ எனலாம். இவ்வோடை எங்கே பிறந்து, எவ்வாறு படகை வந்தடைகின்றது என்பதையும், படகிலே இசை கேட்போர் மறவாது கொள்ளவேண்டிய கடமைகள் யாவை என்பதையும் இப்பாடத்திற் காண்போம்.

கேரள நாட்டு ஆலப்புழையில் வேம்பநாட்டுக் காயலின்மேல் மிதக்கும் கெட்டுவள்ளங்களைப் பலர் கண்டிருப்பர். பலகைகளை ஆணியின்றிக் கயிற்றினால் கட்டிப் பிணைத்தமையால் அவை அப்பெயர் பெற்றன. முன்னாளில் நெல் மூட்டைகளைச் சுமந்த அவ்வள்ளங்கள், இந்நாளில் படுக்கையறையும் அடுக்களையும் கொண்ட படகு வீடுகளாக மாறியுள்ளன. அவற்றுட் பலவற்றில் இசை கேட்கும் கருவியும் உண்டு. அத்தகைய படகு வீடு ஒன்றில் நாம் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்வோம்.

முதலில், பாட்டு எவ்வாறு பயணத்திற்கு ஆயத்தமாகின்றது என்பதை அறிதல் வேண்டும். ஓசை என்பது காற்றின் அதிர்வு. அவ்வதிர்வை ஒலிவாங்கி மின்னோட்டமாக மாற்றுகின்றது. அம்மின்னோட்டத்தைக் கணத்திற்குக் கணம் அளந்து எண்களாகக் குறித்து வைக்கின்றனர். இசைக் குறுந்தட்டிலே ஒரு நொடிக்கு 44,100 முறை இவ்வளவை எடுக்கப்படுகின்றது. இடச்செவிக்கும் வலச்செவிக்குமாக இரண்டு வரிசைகளையும் சேர்த்தால், ஒரு நொடி இசைக்குப் பதினான்கு இலக்கத்திற்கு மேற்பட்ட பிட்டுகள், அஃதாவது ஒன்று, சுழி என்னும் குறிகள், தேவையாகின்றன. இத்துணைப் பெருஞ்சுமையை வானலை வழியே ஓயாது அனுப்புதல் எளிதன்று.

இச்சுமையைக் குறைக்க ஒரு வழி கண்டனர் அறிஞர். முரசு முழங்கும்போது அருகே குழலின் மெல்லொலி நம் செவிக்குப் புலப்படுவதில்லை. வல்லோசை மெல்லோசையை மறைத்துவிடுகின்றது. செவிக்கு எட்டாத அப்பகுதியைச் சுமந்து செல்வதனாற் பயன் யாது? இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு, ஜெர்மனி நாட்டு பிரான்ஹோபர் கழகத்தைச் சேர்ந்த கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலிய அறிஞர்கள் இசையைச் சுருக்கும் முறையை உருவாக்கினர். அம்முறைக்கு 1995-ஆம் ஆண்டில் எம்.பி.3 என்னும் பெயர் வழங்கலாயிற்று. பின்னர் வேறு பல சுருக்க முறைகளும் தோன்றின. நொடிக்கு 3,20,000 பிட்டுகள் என்னும் அளவிலே அனுப்பினால், மூலச் சுமையில் நான்கில் ஒரு பங்கினும் குறைவே ஆகும். ஆயினும் கேட்போர் பெரும்பாலோர்க்கு வேறுபாடு தோன்றுவதில்லை. இவ்வளவில் ஒரு மணி நேரம் இசை கேட்பின் 144 மெகாபைட் தரவு செலவாகும் என்பதை மாணவர் தாமே கணக்கிட்டு அறியலாம்.

சுருக்கப்பட்ட பாட்டு சிறுசிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டு, கண்ணாடி இழைக் கம்பிகளின் வழியே நாடு கடந்து வந்து, கரையிலுள்ள கைப்பேசிக் கோபுரத்தை அடைந்து, அங்கிருந்து வானலையாக நம் கைப்பேசிக்குத் தாவுகின்றது. பொதிகள் யாவும் ஒரே சீராக வருவதில்லை. சில விரைந்து வரும், சில தாழ்ந்து வரும். அங்ஙனமாயின் பாட்டு ஏன் விட்டு விட்டு ஒலிக்கவில்லை? வீட்டின் மேல்தளத்திலுள்ள நீர்த்தொட்டியை நினைவு கூர்க. தெருக்குழாயில் நீர் விட்டு விட்டு வந்தாலும், தொட்டியில் தேங்கியது உள்ளவரை வீட்டுக் குழாயில் நீர் ஒழுங்காக விழுமன்றோ? அதுபோலக் கைப்பேசியும் வரும் பாட்டைச் சிறிது முன்னரே தன் நினைவகத்தில் தேக்கி வைத்துக்கொண்டு, அத்தேக்கத்திலிருந்தே இசைக்கின்றது. படகு தென்னந்தோப்பின் மறைவிற் சென்று அலை சற்றே அறுபட்டாலும் பாட்டு நில்லாமைக்குக் காரணம் இதுவே.

கைப்பேசிக்கு வந்த பாட்டு படகின் ஒலிக்கருவிக்குச் செல்ல இரு வழிகள் உள. ஒன்று கம்பி வழி. மற்றொன்று கம்பியில்லா வழி. பின்னதற்குப் பெரிதும் பயன்படுவது புளூடூத் என்பது. பத்தாம் நூற்றாண்டிலே டென்மார்க்கை ஆண்ட ஹெரால்டு என்னும் மன்னனுடைய பட்டப்பெயர் இது. சிதறுண்டு கிடந்த மக்களை அவன் ஒன்றுபடுத்தியதுபோல வெவ்வேறு கருவிகளை இணைப்பதனால் அவன் பெயரை இதற்குச் சூட்டினர். இதன் அலை வலிமை குறைந்தது. கைப்பேசியில் ஏறத்தாழப் பத்து மீட்டர் எல்லைக்குள்ளேயே நன்கு பயன்படுவது. மேலும், இவ்வலையை நீர் உறிஞ்சிக்கொள்ளும். மனித உடலிற் பெரும்பகுதி நீராதலின், கைப்பேசிக்கும் கருவிக்கும் இடையே பலர் கூடி நின்றால் பாட்டு தடைப்படும். கம்பி வழி இக்குறை இல்லாதது. எனினும் ஈரக்கையும் உப்புக் காற்றும் அதன் இணைப்பு முனையை அரித்துவிடும்.

இனி, ஒலிபெருக்கியின் திறனைக் கருதுவோம். வீட்டு அறையிலே இனிதாக ஒலிக்கும் ஒலிபெருக்கி, படகின் திறந்த தளத்திலே மெலிந்து ஒலிப்பதேன்? அறையின் சுவர்கள் ஓசையைத் திருப்பி நம்மிடமே அனுப்புகின்றன. திறந்த வெளியிலோ சென்ற ஓசை மீள்வதில்லை. தொலைவு இருமடங்காயின் ஓசையின் செறிவு கால் பங்காகிவிடும். இதனோடு பொறியின் இரைச்சலும் காற்றின் ஒலியும் சேர்ந்துகொள்ளும். ஆதலின் சிலர் ஆற்றல் மிக்க ஒலிபெருக்கியை நாடுகின்றனர். ஆனால் மின்னாற்றலை இருமடங்காக்கினாலும் ஓசை மூன்று டெசிபலே மிகும். செவிக்கு அது சிறு வேறுபாடாகவே தோன்றும். ஒரு பெரிய ஒலிபெருக்கியைக் கதறவிடுதலினும், சிறியன சிலவற்றை இருக்கைகளின் அருகே அமைத்து மெல்ல ஒலிக்கச் செய்தலே அறிவுடைமை.

உப்பு நீரும் வெயிலும் கருவிகளுக்குப் பெரும்பகை. காகிதக் கூம்பு ஈரத்தில் ஊறிக் கெடும். எனவே படகுக்குரிய ஒலிபெருக்கிகளில் நெகிழிக் கூம்புகளை அமைப்பர். திருகாணிகள் துருவேறா எஃகினால் ஆகியவை. கம்பிகள் வெள்ளீயம் பூசிய செம்பினால் ஆகியவை. மின்கலத்தினின்று வரும் கம்பியில், கலத்திற்கு மிக அருகே காப்புருகி ஒன்று இருத்தல் இன்றியமையாதது. உரசித் தேய்ந்த கம்பியிலே மின்கசிவு நேர்ந்தால், அஃது உருகி அற்றுப் படகைத் தீயினின்று காக்கும். ஒலிபெருக்கியினுள் வலிய காந்தம் உண்டாதலின், திசைகாட்டியின் அருகே அதனை வைத்தலும் ஆகாது. காந்தத்தால் ஈர்க்கப்பட்ட முள் பொய்த்திசை காட்டின், இன்பந்தர வந்த கருவியே வழிதவறச் செய்யும் கருவியாகிவிடும்.

மின்கலத்தைப் பற்றிய கணக்கும் நன்கு உணரத்தக்கது. பன்னிரண்டு வோல்ட் மின்கலத்தில் ஒலிக்கருவி ஐந்து ஆம்பியர் மின்னோட்டம் கொள்வதாகக் கருதுவோம். கலத்தின் கொள்ளளவு நூறு ஆம்பியர்-மணி. ஈய-அமில மின்கலத்தைப் பாதிக்குமேல் வடியவிடுதல் அதன் வாழ்நாளைக் குறைக்கும். ஆகவே நமக்கு உரியது ஐம்பதே. ஐம்பதை ஐந்தால் வகுத்தால் பத்து மணி நேரம். விளக்கும் மின்விசிறியும் உடனியங்கினால் அந்நேரம் இன்னும் சுருங்கும். இரவெல்லாம் பாட்டுக் கேட்டுவிட்டு, விடியலில் பொறியை இயக்க மின்சாரம் இன்றித் தத்தளித்தல் இரங்கத்தக்க நிலை அன்றோ? இதனாலேயே பொறியைக் கிளப்புவதற்கு ஒரு மின்கலமும் ஏனைய பயன்களுக்கு வேறொரு மின்கலமும் தனித்தனியே வைத்தல் நன்று.

காயலை விட்டுக் கடலுக்குச் செல்வோமாயின் நிலைமை வேறு. கரையினின்று விலக விலகக் கோபுரத்தின் அலை மெலிந்து, இறுதியில் முற்றும் அறும். அப்போது கைப்பேசி கோபுரத்தைத் தேடித் தேடித் தன் மின்னாற்றலை விரைவில் இழக்கும். பெருங்கப்பல்கள் செயற்கைக்கோள் வழியே இணையம் பெறுகின்றன. தாழ்ந்த சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்களைக் கொண்ட ஸ்டார்லிங்க் நிறுவனம் 2022-ஆம் ஆண்டிலிருந்து கப்பல்களுக்கென இச்சேவையை அளித்து வருகின்றது. சிறு படகினர் செய்யத்தக்கது யாதெனின், வேண்டிய பாடல்களைக் கரையிலேயே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுதலாம். கட்டுச்சோறு போலக் கட்டுப்பாட்டும் உடன் வரும்.

ஓடையிசைக்கு முன்னரே படகுகளுக்குத் துணையாகி, இன்றும் அத்துணையை விடாதிருப்பது வானொலி. பாம்பனில் 2016-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘கடல் ஓசை’ என்னும் சமுதாய வானொலி மீனவர்களுக்கென்றே அமைந்தது. 90.4 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பாட்டோடு வானிலையும், மீன்பிடித் தொழிலுக்குரிய செய்திகளும் அதில் ஒலிபரப்பாகின்றன. ஓடையிசையில் நாம் விரும்பியது மட்டுமே வரும். வானொலியிலோ நாம் அறியவேண்டியதும் வரும். இன்பத்தோடு எச்சரிக்கையையும் ஒருங்கே சுமந்து வரும் துணை சிறந்த துணை அன்றோ?

இதுகாறும் கருவிகளைக் கண்டோம். இனிக் கருவிகளைக் கையாளும் மனிதனின் கடமையைக் காண்போம். கடலிற் செல்வோனுக்குக் கண் எத்துணை இன்றியமையாததோ, செவியும் அத்துணை இன்றியமையாதது. கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கென 1972-ஆம் ஆண்டில் உலக நாடுகள் வகுத்த விதிகளில் ஐந்தாம் விதி, ஒவ்வொரு கலமும் கண்ணாலும் செவியாலும் எப்போதும் தக்க காவல் புரிதல் வேண்டும் என்று கட்டளையிடுகின்றது. ஒரு கலம் மற்றொன்றைக் காணும்போது எழுப்பும் ஒரு குற்றொலி, வலப்புறம் திரும்புகின்றேன் எனப் பொருள்படும். இரு குற்றொலிகள் இடப்புறம் என்றும், மூன்று, பொறியைப் பின்னோக்கி இயக்குகின்றேன் என்றும் பொருள்படும். மூடுபனியில் ஓடிக்கொண்டிருக்கும் பொறிக்கலம் இரண்டு நிமிடத்திற்கு மேற்படாத இடைவெளிகளில் ஒரு நெட்டொலி எழுப்ப வேண்டும். கண் பயன்படாத அவ்வேளையில் உயிர் காப்பது செவி ஒன்றே. ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருக்கும் படகில் அந்நெட்டொலியை யார் கேட்பார்? நீரில் தவறி விழுந்தவன் எழுப்பும் கூக்குரலை யார் கேட்பார்? இடுக்கண் அழைப்புக்குரிய பதினாறாம் அலைவரிசையிலே வரும் குரலை யார் கேட்பார்? ஆதலின் பாட்டின் ஓசை, பக்கத்திலிருப்பவன் இயல்பாகப் பேசும் பேச்சை மறையாத அளவில் நிற்றல் வேண்டும். மூடுபனியிலும், கால்வாய்த் திருப்பங்களிலும், துறை அணுகும்போதும் பாட்டை அறவே நிறுத்துதல் வேண்டும். கைப்பேசியின் மின்னாற்றலையும் பாட்டுக்கே செலவிட்டுத் தீர்த்தல் கூடாது. கரைக்கு அண்மையில் இடர் நேரின், இந்தியக் கடலோரக் காவற்படையின் 1554 என்னும் எண்ணை அழைக்க உதவுவதும் அதே கைப்பேசிதான்.

தன் படகைக் காத்தல் ஒருபுறமிருக்க, அயலாரைக் கருதுதலும் நம் கடன். இரவிலும் வைகறையிலும் நீரையொட்டிய காற்றுக் குளிர்ந்தும், அதன் மேலுள்ள காற்று அதனினும் வெப்பமாகவும் இருப்பதுண்டு. அவ்வேளையில் மேலெழும் ஓசை கீழ்நோக்கி வளைந்து, நீர்ப்பரப்பின்மேல் நெடுந்தொலைவு செல்லும். நமக்கு மெல்லியதாகத் தோன்றும் பாட்டு, அக்கரையிலே உறங்கும் குழந்தையை எழுப்பக்கூடும். வேம்பநாட்டுக் காயல் 2002-ஆம் ஆண்டில் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பெற்றது. அதன் கரையிலுள்ள குமரகம் பறவைகளின் புகலிடம். அங்கே கொக்கும் நாரையும் நம் பாட்டைக் கேட்க வந்தவை அல்ல. நாமே அவற்றின் வீட்டு வாயிலிற் செல்லும் விருந்தினர். விருந்தினர்க்கு அடக்கமே அணிகலன்.

கடல் கடந்து வரும் பாட்டை ஒரு விரலசைவில் பெறும் பேறு நம் முன்னோர்க்கு வாய்த்திலது. அப்பேற்றை நாம் துய்த்தல் தவறன்று. ஆனால், துடுப்பு நீரைத் தள்ளும் ஒலி, அலை படகைத் தட்டும் ஒலி, தொலைவில் அழைக்கும் மனிதக்குரல் ஆகியவையும் நீர்வழிச் செல்வோன் கேட்டு உணரவேண்டியவையே. வேண்டுமிடத்துப் பாட்டை எழுப்பவும், வேண்டாவிடத்து அதனை அடக்கவும் அறிந்தவனே படகோட்டும் தகுதி உடையவன்.

பயிற்சி

1. ஓடையிசை தடையின்றி ஒலிப்பதற்கு நீர்த்தொட்டி எவ்வாறு உவமையாகின்றது?
2. வல்லோசை மெல்லோசையை மறைக்கும் இயல்பு இசையைச் சுருக்க எவ்வாறு பயன்பட்டது?
3. திறந்த தளத்திலே ஒலிபெருக்கியின் ஓசை மெலிவதற்குக் காரணம் யாது?
4. 80 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஈய-அமில மின்கலத்தில், 4 ஆம்பியர் கொள்ளும் ஒலிக்கருவியை எத்தனை மணி நேரம் இயக்கலாம்? கணக்கிடுக.
5. கடலிற் செல்வோனுக்குச் செவி கண்ணைப் போன்றது என்பதை விளக்கி ஒரு பத்தி எழுதுக.