செவிலியம்: சில அடிப்படைப் பாடங்கள்

வரலாறு பயிலும் மாணவி ஒருத்தி செவிலியம் பற்றி எழுத முற்படுவது ஏன் என்று இம்மலரைப் படிக்கும் சிலர் வியக்கக்கூடும். அதற்குக் காரணம் உண்டு.

2023 ஆம் ஆண்டுக் கோடையில் எங்கள் அப்பத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. மதுரையில் பத்து நாள் மருத்துவம் பார்த்துவிட்டு, கமுதிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு அழைத்து வந்தோம். வலக்கையும் வலக்காலும் அசையவில்லை, பேச்சும் குழறியது. அன்புக்கு நாங்கள் குறை வைக்கவில்லை. புதிதாக இலவம்பஞ்சு மெத்தை வாங்கினோம். மின்விசிறியை அவர் தலைக்கு நேராக மாற்றினோம். மூன்றாவது வாரம் சேலை மாற்றும்போது, முதுகெலும்பு முடியும் இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் சிவந்திருந்தது. வேர்க்குரு என்று எண்ணிப் பவுடர் போட்டோம். அடுத்த வாரம் அந்த இடம் குழிந்து, வாடை வீசத் தொடங்கியது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் இருக்கிறார். ஊரார் அவரை ‘நர்சம்மா’ என்றே அழைப்பர். அவர் வந்து அப்பத்தாவைப் புரட்டிப் பார்த்தார்.

“ஏத்தா, எத்தன நாளா இப்படி மல்லாக்கவே போட்டு வச்சிருக்கீங்க?”

“வந்ததுலருந்தே இப்படித்தான் நர்சம்மா. அசைச்சா வலிக்குதுன்னு அழுகுறாக.”

“வலிக்குதுன்னு விட்டதுதான் இப்பப் புண்ணா நிக்குது. பாசம் மட்டும் பத்தாதுத்தா. பாக்கத் தெரியணும்.”

அந்தப் ‘பார்க்கத் தெரிவது’ என்ன என்பதை அடுத்த பல மாதங்கள் அவரிடம் பாடமாகக் கேட்டேன். நூலகத்தில் கிடைத்த நூல்களையும் படித்தேன். செவிலியப் படிப்பில் சேர விரும்பும் தங்கைகளுக்கும், வீட்டில் நோயாளியை வைத்திருக்கும் எல்லோருக்கும் பயன்படும் என்று கருதி அவற்றைச் சுருக்கி இங்கே தருகிறேன்.

செவிலியம் என்பது யாது?

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95 ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளைக் கூறுகிறது. நோயாளியும் மருத்துவரும் மருந்தும் மூன்று உறுப்புகள். அருகிருந்து துணை செய்பவர் நான்காம் உறுப்பு. அவரை ‘உழைச்செல்வான்’ என்கிறார் வள்ளுவர். அவருக்குரிய பண்புகளாகப் பரிமேலழகர் நான்கினை எண்ணுகிறார்: நோயாளியிடம் அன்பு, உள்ளமும் சொல்லும் உடலும் தூய்மையாக இருத்தல், சொன்னதைச் சொன்னபடி செய்யும் திறன், அறிவு. எங்களிடம் முதலாவது இருந்தது; நான்காவது இல்லை. அதன் விலையை அப்பத்தாவின் உடல் கொடுத்தது.

மேலைநாட்டில் இதனைத் தனிக் கல்வியாக வளர்த்தவர் புளோரன்ஸ் நைட்டிங்கேல். 1820 மே 12 அன்று பிறந்த இவர், 1854 இல் கிரிமியப் போரில் காயமுற்ற வீரர்களுக்குத் தொண்டு செய்யச் சென்றார். 1860 இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். நோயாளிக்கு நல்ல காற்று, வெளிச்சம், தூய்மை, அமைதி, தக்க உணவு ஆகியவற்றைத் தந்து, இயற்கை தன் வேலையைச் செய்ய வழிவிடுவதே செவிலியம் என்பது அவர் கருத்து. பின்னர் வந்த அமெரிக்கச் செவிலியர் வர்ஜீனியா ஹெண்டர்சன், நோயாளிக்கு வலிமையும் அறிவும் இருந்தால் தனக்குத் தானே எவற்றைச் செய்துகொள்வாரோ அவற்றை அவருக்காகச் செய்வதே செவிலியரின் பணி என்று விளக்கினார். மூச்சுவிடுதல், உண்ணுதல், கழிவகற்றுதல், அசைதல், உறங்குதல் எனத் தொடங்கி 14 தேவைகளை அவர் வகுத்தார். நலமாக இருப்பவர் உறக்கத்திலும் பலமுறை புரண்டு படுக்கிறார். அப்பத்தாவால் அது முடியவில்லை. அவருக்காக நாங்கள் செய்திருக்க வேண்டிய வேலை அதுதான்.

நம் மாநிலத்துக்கும் இவ்வரலாற்றில் சிறப்பான இடம் உண்டு. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் நிறுவிய மருத்துவமனையில் 1909 இல் செவிலியர் பள்ளி தொடங்கப்பட்டது. 1946 இல் அது கல்லூரியாகிப் பட்டப்படிப்பு நடத்தலாயிற்று. சென்னை மாகாணத்தில் செவிலியரையும் மருத்துவத் தாதியரையும் பதிவு செய்வதற்கான சட்டம் 1926 இலேயே இயற்றப்பட்டது.

முதற்பாடம்: கவனித்தல்

நோயாளியின் உடல் நான்கு அடையாளங்களால் தன் நிலையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அவற்றை உயிர்நிலைக் குறிகள் என்பர்.

1. உடல் வெப்பம்: ஏறத்தாழ 98.6 டிகிரி பாரன்ஹீட். 100.4 டிகிரியைத் தாண்டினால் காய்ச்சல்.

2. நாடித்துடிப்பு: வளர்ந்தவர்க்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை. கட்டைவிரலால் பார்க்கக்கூடாது, அதிலுள்ள நம் சொந்த நாடியே குழப்பிவிடும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வைத்துப் பார்க்க வேண்டும்.

3. மூச்சு: வளர்ந்தவர்க்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை. “மூச்சை எண்ணப்போகிறேன்” என்று சொன்னால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். ஆகவே நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டே மார்பின் ஏற்ற இறக்கத்தை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தை இருமலோடு நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் மூச்சுவிட்டால் நிமோனியாவாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

4. இரத்த அழுத்தம்: 120/80 நல்ல அளவு. பலமுறை அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் இரத்த அழுத்தம்.

எண்களோடு கவனிப்பு முடிந்துவிடுவதில்லை. நோயாளி நேற்றுச் சாப்பிட்டதை இன்று ஏன் ஒதுக்குகிறார்? சிறுநீர் ஏன் குறைந்தது? கலகலப்பாக இருந்தவர் ஏன் பேசாமல் கிடக்கிறார்? கண்டவற்றை நேரம் போட்டு எழுதி வைக்க வேண்டும். எழுதாதது செய்யாததற்குச் சமம் என்பது செவிலியப் பயிற்சியில் முதலில் சொல்லப்படும் பாடங்களுள் ஒன்று.

இரண்டாம் பாடம்: கை கழுவுதல்

1847 இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பிணப் பரிசோதனை செய்த கையோடு மருத்துவர்கள் பிரசவம் பார்ப்பதே பல தாய்மாரின் சாவுக்குக் காரணம் எனக் கண்டார். குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்ததும் சாவு பெரிதும் குறைந்தது. நோயாளியைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும், புண்ணுக்குக் கட்டுப் போடுமுன்னும், மலஜலத்தைத் தொட்ட பின்னும் சோப்புப் போட்டு விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல் என எல்லாம் தேய்த்துக் கழுவ வேண்டும். நாங்கள் அப்பத்தாவின் துணியை அகற்றிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கஞ்சி ஊட்டியிருக்கிறோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம் பாடம்: படுக்கைப் புண்

எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே தசை நசுங்கும்போது அங்குள்ள நுண்குழாய்களில் இரத்தம் ஓடுவது தடைப்படுகிறது. இரத்தம் இல்லாத தசை அழுகத் தொடங்குகிறது. கீழ்முதுகு, இடுப்பின் பக்க எலும்பு, குதிகால், கணுக்கால், முழங்கை, தோள்பட்டை, பின்தலை ஆகியவை புண் வரக்கூடிய இடங்கள். ஈரமும் உராய்வும் ஊட்டக்குறைவும் இதனை விரைவுபடுத்தும்.

இது நான்கு படிகளில் முற்றும். முதற்படியில் தோல் கிழிந்திராது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தாலும் அச்சிவப்பு மறையாது. நம்மைப் போன்ற கருநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. அவ்விடம் மேலும் கறுத்தோ, சூடாகவோ, கெட்டியாகவோ இருப்பதைத் தொட்டுத்தான் அறிய வேண்டும். இரண்டாம் படியில் மேல்தோல் உரியும் அல்லது கொப்புளிக்கும். மூன்றாவதில் குழிந்து கொழுப்பு தெரியும். நான்காவதில் தசையும் எலும்பும் வெளிப்படும். நாங்கள் பவுடர் போட்டது முதற்படியில். நர்சம்மா பார்த்தது மூன்றாம் படியில்.

செவிலியப் பணியின் ஐந்து படிகளையும் அன்று நேரில் கண்டேன். புண்ணின் நீள அகலத்தை அளந்து எழுதியது மதிப்பிடல். ‘அசைய இயலாமையால் தோல் கெட்டது’ என்று முடிவு செய்தது தேவை காணல். சுவர்க் காலண்டரின் பின்புறம் நேர அட்டவணை எழுதியது திட்டமிடல். அதன்படி நடந்தது செயல். வாரந்தோறும் மீண்டும் அளந்தது பயன் காணல்.

காலை ஆறு மணிக்கு இடப்பக்கம், எட்டு மணிக்கு மல்லாந்து, பத்து மணிக்கு வலப்பக்கம் என இரண்டு மணிக்கொரு முறை திருப்பினோம். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்து, உடல் சற்றே சாய்ந்திருக்கும்படி செய்தோம். முழுக்க ஒருக்களித்தால் இடுப்பெலும்பில் புதுப் புண் வரும். கெண்டைக்காலின் கீழே தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் நிறுத்தினோம். இழுத்துத் திருப்பாமல், விரிப்போடு இருவர் தூக்கித் திருப்பினோம். இரவில் அம்மாவும் நானும் முறை வைத்துக்கொண்டோம். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடும் பழைய வழக்கம் தவறானது. நலிந்த தசை அதனால் மேலும் சிதையும். வளையம் போன்ற திண்டு வைப்பதும் இன்று கைவிடப்பட்டுவிட்டது.

அரசு மருத்துவமனையில் டாக்டர் செத்த தசையை அகற்றினார். பிறகு நாள்தோறும் மருத்துவ உப்புநீரால் கழுவிக் கட்டுப் போட்டோம். முட்டை, பருப்பு, மீன் எனப் புரத உணவைக் கூட்டினோம். தசை வளர அதுவே கச்சாப்பொருள். உணவு தரும்போது நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு கரண்டியால், ஒரு வாய் விழுங்கிய பின்பே மறுவாய் தந்தோம். பக்கவாதக்காரர்க்குப் புரையேறினால் உணவு நுரையீரலுக்குள் போய்விடும்.

நம் பகுதியில் அடிக்கடி காணும் நிலைகள்

நீரிழிவும் முள்ளும்: கருவேல முள் வெட்டியும் கரிமூட்டம் போட்டும் பிழைப்போர் நம் பகுதியில் மிகுதி. நெடுநாள் நீரிழிவு உள்ளவர்க்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடும். முள் தைத்தது தெரியாமலே நடப்பார். சீழ் பிடித்த பின்பே அறிவார். விரலை, சில சமயம் காலையே எடுக்க நேர்வது இதனால்தான். வெறுங்காலோடு நடக்கலாகாது. ஒவ்வோர் இரவும் பாதத்தையும் விரலிடுக்கையும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். செருப்பை உதறிய பின்பே அணிய வேண்டும். மருந்து உண்ட பின் உணவு தவறினால் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வரும். நினைவிருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து தரலாம். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றவே கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108 ஐ அழைக்க வேண்டும்.

வயிற்றுப்போக்கு: உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீரிழப்பே. கண் குழிதல், நா வறளல், சிறுநீர் குறைதல், கிள்ளிய தோல் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பல் ஆகியவை அதன் அடையாளங்கள். 1971 இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகாலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கத் தந்தே பெருந்தொகையான உயிர்களைக் காத்தார். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தில் குறித்துள்ள அளவு நீரில் அதனை முழுதும் கரைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குப் பின் எஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். பொட்டலம் இல்லையெனில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். தாய்ப்பாலை நிறுத்தலாகாது.

பக்கவாதம்: முகம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் உடனே புறப்பட வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பயன். அப்பத்தாவை நாங்கள் விடியட்டும் என்று வைத்திருந்தோம்.

பாம்புக்கடி: இறுக்கிக் கட்டுவதும், கீறுவதும், உறிஞ்சுவதும் தீங்கே. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு மருத்துவமனை சேர்க்க வேண்டும். விஷமுறிவு மருந்து அங்குதான் உண்டு.

முடிவுரை

புண் ஆற நான்கு மாதம் ஆயிற்று. கடைசியாக நர்சம்மா அளந்தபோது அளக்க ஒன்றும் இல்லை. வெளிறிய தழும்பு மட்டுமே இருந்தது. அடுத்த ஆண்டு தை மாதத்தில் அப்பத்தா காலமானார். குளிப்பாட்டிய பெண்கள், “இவ்வளவு நாள் படுக்கையில கெடந்த ஒடம்பு மாதிரியா இருக்கு!” என்றார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் சர்க்கரை மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் வீடு தேடி வரலாயின. 2022 ஜனவரியில் இராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. ஆயினும் இரவு இரண்டு மணிக்கு நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டியவர் வீட்டிலுள்ளவரே. தங்கைகளே, செவிலியராக விரும்புவோர் தயங்காது அப்படிப்பில் சேருங்கள். என்னைப் போல் வேறு பாடம் படிப்போரும் ஒரு நாடியை எண்ணவும், ஒரு நோயாளியைத் திருப்பவும் கற்றுக்கொள்ளுங்கள். அவை தேவைப்படாத வீடு இல்லை.