செல்ஃப் அடிக்கிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை: ஸ்பேனருக்கு முன் மீட்டர்

“செல்ஃப் நல்லா அடிக்குது, ஆனா ஸ்டார்ட் ஆகல.” ஜாப் கார்டில் இந்த ஒரு வரியோடு ஒரு கார் வந்து நின்றால், ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு ஒர்க்‌ஷாப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்த வேலையைக் கேட்டு வாங்குங்கள். பிரேக் ஷூ மாற்றுவதும் ஆயில் மாற்றுவதும் கைப்பழக்கம். கோளாறைக் கண்டுபிடிப்பது வேறு திறமை. ஹெல்ப்பராகவே நிற்பவரையும் சீனியர் டெக்னீஷியன் ஆகிறவரையும் பிரிப்பது அதுதான்.

எஞ்சின் சுற்றுகிறது என்றாலே செல்ஃப் மோட்டாரும் அதன் ஒயர்களும் பெரும்பாலும் சந்தேகப் பட்டியலிலிருந்து வெளியே போய்விட்டன. மிச்சம் பெட்ரோல், ஸ்பார்க், கம்ப்ரஷன், இவை மூன்றும் சரியான நேரத்தில் சேர்வதற்கான டைமிங். இவ்வளவு சின்னப் பட்டியலை வைத்துக்கொண்டும் பலர் ப்ளக்கை மாற்றி, பிறகு காயிலை மாற்றி, கடைசியில் பம்பையும் மாற்றிப் பார்க்கிறார்கள். மூன்றுக்கும் காசு கொடுப்பவர் வண்டிக்காரர். இந்த வழக்கத்தை வேலையின் முதல் மாதத்திலேயே விட்டுவிட வேண்டும்.

பேனட்டைத் திறக்கும் முன் வண்டிக்காரரிடம் பேசுங்கள். ஓடிக்கொண்டிருந்தபோது நின்றதா, காலையில் எடுக்கும்போது மக்கர் செய்ததா? சூடானால் மட்டும் வரும் தொல்லையா? சமீபத்தில் ஸ்டீரியோ, அலாரம், ரிவர்ஸ் கேமரா ஏதாவது மாட்டினார்களா? கேஸ் வண்டி என்றால் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது? பல நாள் நிறுத்தி வைத்த வண்டி என்றால் எலியை மறக்காதீர்கள். நம் ஊரில் எலி கடித்த ஒயர் அவ்வளவு சாதாரணம்.

தண்ணீரில் நின்ற வண்டியா என்பதையும் கேட்டாக வேண்டும். ஆமாம் என்றால் சாவியைத் தொடக்கூடாது. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எத்தனையோ கார்கள் முழுகின. காற்றை அமுக்குவது போல தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா, டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் போல வெளுத்திருக்கிறதா என்று பார்த்து, ப்ளக்குகளைக் கழற்றிய பிறகுதான் எஞ்சினைச் சுற்ற வேண்டும்.

தண்ணீர் பிரச்சினை இல்லையென்றால் காதைத் தீட்டிக்கொண்டு ஒரு தடவை செல்ஃப் அடியுங்கள். ஒவ்வொரு சிலிண்டரும் அமுக்கும்போது வரும் சீரான ஏற்ற இறக்கம் கேட்க வேண்டும். அது இல்லாமல் தடையே இல்லாததுபோல் வேகமாகச் சுற்றினால் டைமிங் பெல்ட்டைச் சந்தேகப்படுங்கள். ஆயில் மூடியைத் திறந்து, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி, உள்ளே கேம் அசைகிறதா என்று பார்த்தாலே பல வண்டிகளில் விடை கிடைத்துவிடும். இழுத்து இழுத்துச் சுற்றினால் பேட்டரிதான் முதல் வேலை. முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும்; செல்ஃப் அடிக்கும்போது சுமார் 9.6க்குக் கீழே இறங்கினால் ஈசியூவே சரியாக வேலை செய்யாமல் போகலாம். அதைச் சரிசெய்யாமல் எடுக்கும் எந்த ரீடிங்கையும் நம்ப முடியாது.

அடுத்தது டேஷ்போர்டு. சாவியை ஆன் செய்ததும் செக் எஞ்சின் விளக்கு எரியாவிட்டால் ஈசியூவுக்குக் கரண்டே போகவில்லை என்று சந்தேகியுங்கள். மெயின் ரிலே, ஃப்யூஸ், எர்த் மூன்றையும் பாருங்கள். சாவிப் படம் போட்ட விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் இம்மொபிலைசர் சாவியை ஏற்கவில்லை. வீட்டிலிருக்கும் இரண்டாவது சாவியைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இனி ஸ்கேனர். கோடு ஏதும் இல்லை என்றதும் பலர் அதைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். கோடு படிப்பது அதன் பாதி வேலைதான். லைவ் டேட்டாவுக்குப் போய், செல்ஃப் அடித்துக்கொண்டே எஞ்சின் ஆர்பிஎம்மைப் பாருங்கள். இருநூறையொட்டி ஏதாவது எண் காட்டினால் எஞ்சின் சுற்றுவது ஈசியூவுக்குத் தெரிகிறது. எஞ்சின் சுற்றியும் பூஜ்யமே காட்டினால் கிராங்க் சென்சாரோ அதன் ஒயரோ போயிருக்கிறது. சுற்றுவது தெரியாதபோது ஈசியூ ஸ்பார்க்கும் தராது, இன்ஜெக்டரையும் திறக்காது. பெட்ரோலும் இல்லை, ஸ்பார்க்கும் இல்லை என்று இரண்டு பக்கமும் ஓடி அலைபவர் தவறவிடுவது இந்த ஓர் எண்ணைத்தான். சூட்டில் நின்று, அரை மணி நேரம் ஆறியதும் தானாக ஸ்டார்ட் ஆகும் வண்டியிலும் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சென்சாரை. அந்த வண்டியை ஆறிய நிலையில் சோதித்துப் பயனில்லை. சூடாக்கி, நிற்கும்போது பிடிக்க வேண்டும்.

ஆர்பிஎம் வருகிறது என்றால் ஒரு ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். பெட்ரோலில் நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, ஸ்பார்க் பக்கம் போகலாம். பலமுறை செல்ஃப் அடித்து எஞ்சின் பெட்ரோலில் மூழ்கியும் இருக்கலாம். பெரும்பாலான இன்ஜெக்ஷன் கார்களில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்தால் இன்ஜெக்டர் நின்று, உள்ளிருக்கும் பெட்ரோல் வெளியேறும். ஸ்பார்க்கைச் சோதிக்க ஸ்பார்க் டெஸ்டரையே பயன்படுத்துங்கள். ஒயரை பாடியருகே பிடித்துப் பொறி பார்ப்பது பழைய வண்டிகளோடு போகட்டும். அது காயிலையும் ஈசியூவையும் கெடுக்கும். பக்கத்தில் பெட்ரோல் ஆவி இருந்தால் தீயும் பிடிக்கும்.

ப்ளக் காய்ந்திருந்தால் பம்ப். சாவி ஆன் செய்ததும் பெரும்பாலான கார்களில் பின்சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி பம்ப் ஓடும் சத்தம் கேட்கும். சத்தம் வந்துவிட்டதாலேயே பிரஷர் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். கேஜ் மாட்டிப் பாருங்கள். சாதாரண பெட்ரோல் இன்ஜெக்ஷன் கார்கள் பலவற்றில் 3 பார் அளவில் இருக்கும். சரியான எண் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் உண்டு. சத்தமே இல்லையென்றால் பம்பை இறக்கும் முன் அதன் கனெக்டரில் கரண்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இங்கே புதியவர்கள் ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது. கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தால், உள்ளே ஒரே ஓர் இழையில் தொங்கும் ஒயரும் 12 வோல்ட் காட்டும். மீட்டர் இழுக்கும் கரண்ட் அவ்வளவு குறைவு. பம்ப் இழுக்கும்போது அந்த ஒயர் கைவிட்டுவிடும். அதனால் ஹெட்லைட் பல்பில் இரண்டு ஒயர் இணைத்து, பம்ப் கனெக்டரில் கொடுத்து, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பல்ப் பளிச்சென்று எரிந்தால் பம்பைச் சந்தேகிக்கலாம். மங்கினால் ஒயர், ரிலே, எர்த் மூன்றில் ஒன்று. எரியவே இல்லையென்றால் ஃப்யூஸைப் பாருங்கள். அதே நம்பர் கொண்ட வேறொரு ரிலேயை மாற்றிப் போட்டும் பார்க்கலாம். வெளியில் மாட்டிய அலாரம் பம்ப் லைனை வெட்டி வைத்திருக்கிறதா என்பதையும் தேடுங்கள். பழைய ஃபோர்டு கார்களில் மோதல் நேர்ந்தால் பம்பை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று உண்டு. பெரிய பள்ளத்தில் இறங்கினாலே அது குதித்துவிடலாம், அமுக்கிவிட்டால் போதும்.

எல்லாம் இருந்தும் எடுக்கவில்லையென்றால் கம்ப்ரஷன் கேஜ். அங்கே மொத்த அளவைவிட சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் அதிகம் பேசும்.

காமன் ரெயில் டீசல் தனி உலகம். ரெயில் பிரஷர் போதிய அளவு ஏறாவிட்டால் இன்ஜெக்டரைத் திறக்க ஈசியூ அனுமதிக்காது. அதையும் லைவ் டேட்டாவிலேயே பார்த்துவிடலாம். ஃபில்டர் மாற்றிய பிறகு வந்த தொல்லை என்றால் ஏர் லாக். பழைய டீசல்களில் செய்ததுபோல் ஹை பிரஷர் பைப்பைத் தளர்த்திவிட்டு மட்டும் செல்ஃப் அடிக்காதீர்கள். அந்த வேகத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். விரலையே இழக்க நேரிடும்.

பார்த்த ஒவ்வொரு ரீடிங்கையும் ஜாப் கார்டில் எழுதுங்கள்: பேட்டரி இவ்வளவு, ஆர்பிஎம் இவ்வளவு, பிரஷர் இவ்வளவு. நடுவில் வேலை இன்னொருவர் கைக்குப் போனால் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். பெரிய ஒர்க்‌ஷாப்பின் நேர்முகத்தில் இதே கேள்வி வந்தால், எந்தப் பாகத்தை மாற்றுவீர்கள் என்பதோடு நிற்காமல் எதை எதற்கு முன் சோதிப்பீர்கள் என்று இதே வரிசையில் சொல்லுங்கள்.

வண்டி ஸ்டார்ட் ஆனதும் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். ஃப்யூஸ் போயிருந்தது என்றால் ஏன் போனது என்று தேடுங்கள். 15 ஆம்பியர் இடத்தில் 30 போடுவது ஒயரைக் கொளுத்தும் வேலை. ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை எஞ்சினைச் சூடாக்கி, அணைத்து, பத்து நிமிடம் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்த பிறகு ஜாப் கார்டில் கையெழுத்துப் போடுங்கள்.