ஐசியூவில் உங்கள் பெயர் நிற்க வேண்டுமா? பாட்டிலைப் படியுங்கள்

ஐசியூவில் புதிதாகச் சேர்ந்த ஸ்டாஃப் நர்ஸா? ஜூனியர் டாக்டரா? வென்டிலேட்டர் செட்டிங்கை மனப்பாடமாகச் சொல்ல உங்கள் பேட்ச்சிலேயே பத்துப் பேர் இருப்பார்கள். நுரையீரலில் காற்று கசியும் நோயாளியைப் பதறாமல் பார்த்துக்கொள்ள ஓரிருவர்தான் தேறுவார்கள். அந்த இடத்தைப் பிடியுங்கள். இன்சார்ஜ் போஸ்ட்டுக்கும் ஃபெலோஷிப் இன்டர்வியூவுக்கும் இது கைகொடுக்கும்.

1. முதலில் ஐசிடி பாட்டில். டியூப் தண்ணீருக்குள் 2 செ.மீ. மூழ்கியிருக்க வேண்டும், பாட்டில் எப்போதும் மார்புக்குக் கீழேதான். குமிழி இருமும்போது மட்டும் வருகிறதா, ஒவ்வொரு மூச்சுக்குமா, நிற்காமல் கொப்பளிக்கிறதா? "பப்ளிங் இருக்கு சார்" என்பது ரிப்போர்ட் ஆகாது. "ராத்திரி இருமினா மட்டும் வந்துச்சு சார், காலை ஆறு மணியிலிருந்து ஒவ்வொரு மூச்சுக்கும் வருது" என்று சொல்லுங்கள். அடுத்த ரவுண்ட்ஸில் கன்சல்டன்ட் உங்களைத்தான் தேடுவார்.

2. குமிழி திடீரென்று கூடினால் நோயாளியைப் பார்த்த கையோடு கனெக்‌ஷன்களையும் பாருங்கள். மார்பிலிருந்து பாட்டில் வரை டியூப்பைத் தடவிக்கொண்டே போங்கள். மூட்டு தளர்ந்திருக்கலாம். டியூப் நழுவி, அதன் பக்கத்துளை டிரெஸ்ஸிங்குக்கு அடியில் வெளியே வந்திருக்கலாம்.

3. குமிழி வரும் டியூப்பை ஸ்கேனுக்குக் கொண்டுபோகிறோம் என்று கிளாம்ப் போடாதீர்கள். காற்று உள்ளே அடைபட்டு டென்ஷன் நியூமோதோராக்ஸ் ஆகிவிடும். பிபி சரிந்து, சாச்சுரேஷன் இறங்கி, ஏர்வே பிரஷர் ஏறினால் எக்ஸ்ரேக்குக் காத்திருக்க நேரமில்லை. உடனே சீனியரைக் கூப்பிடுங்கள். இந்த ஒன்றில் தவறினால் உயிர் போகும்.

4. வென்டிலேட்டர் ஸ்கிரீனில் கணக்குப் போடுங்கள். உள்ளே போனது 500 மி.லி., திரும்பியது 350 என்றால் ஏறக்குறைய 150 கசிகிறது. டைடல் வால்யூமையும் பீப்பையும் எவ்வளவு குறைக்கலாம், சக்‌ஷன் தேவையா என்பதைக் கன்சல்டன்ட் முடிவு செய்வார். அவர் கேட்பதற்குள் எண் உங்கள் நாக்கில் இருக்கட்டும். ரேட் காரணமில்லாமல் ஏறினால், கசிவையே நோயாளியின் மூச்சென்று மெஷின் எடுத்துக்கொள்கிறதா என்றும் பாருங்கள்.

5. ஐந்து நாள் தாண்டியும் கசிவு நிற்கவில்லையா? தொராசிக் சர்ஜன் ஒப்பீனியன் வாங்கலாமா என்று நீங்களே கேளுங்கள். எண்டோபிராங்கியல் வால்வ், பிளட் பேட்ச் பற்றி முதல் நாள் இரவே படித்துவிட்டுப் போங்கள்.

இன்று டியூட்டி மாறும்போது ஹேண்டோவரை நர்சிங் ஸ்டேஷனில் முடிக்காதீர்கள். பாட்டிலுக்கு எதிரில் நின்று, குமிழியை இருவரும் பார்த்துச் சொல்லிக்கொள்ளுங்கள்.