வலி மாத்திரையும் மூச்சிரைப்பும்

ஊரிலிருந்து தில்லிக்கு வந்திருக்கும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ முழங்கால் வலி என்றால், தெருமுனை மருந்துக் கடையில் "தர்த் கீ கோலி" என்று கேட்டு வாங்கி வந்து விடுகிறோம். பெரும்பாலோருக்கு ஓரிரு மாத்திரையால் தீங்கு வருவதில்லை. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு அந்த ஒரு மாத்திரையே உயிருக்கு ஆபத்தாக முடியக்கூடும்.

இது புதிய செய்தியல்ல. ஆஸ்பிரின் 1899-இல் விற்பனைக்கு வந்தது. ஆஸ்துமா, மூக்கினுள் சதை வளர்ச்சி, ஆஸ்பிரின் ஒவ்வாமை ஆகிய மூன்றும் ஒருவரிடமே சேர்ந்து காணப்படுவதை 1922-இல் பிரெஞ்சு மருத்துவர் விடால் எழுதினார். 1968-இல் சிகாகோவின் டாக்டர் சாம்டர் இதை விரிவாக ஆராய்ந்தார். ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் ஏறத்தாழ 100-க்கு 7 பேருக்கு இக்கோளாறு உண்டு.

காரணம் என்ன? ரயில்வே பாஷையில் சொல்கிறேன். நம் உடலில் அராகிடானிக் அமிலம் என்ற கொழுப்புப் பொருள், ஜங்ஷனில் தண்டவாளம் பிரிவதுபோல், இரு பாதைகளில் செல்கிறது. முதல் பாதையில் புரோஸ்டாகிளாண்டின்கள் உண்டாகின்றன. வலியும் வீக்கமும் தருபவை இவை. ஆனால் இவற்றுள் ஒன்று மற்றப் பாதைக்குப் பிரேக்காகவும் இருக்கிறது. இரண்டாம் பாதையில் உண்டாகும் லூக்கோட்ரையீன்கள் மூச்சுக்குழலைச் சுருக்கிச் சளியைப் பெருக்குபவை. வலி மாத்திரை முதல் பாதையை அடைக்கிறது. வலி தணிகிறது, கூடவே பிரேக்கும் விடுபடுகிறது. இக்கோளாறு உள்ளவர்களுக்கு உடனே லூக்கோட்ரையீன் பெருகி, அரை மணி முதல் மூன்று மணி நேரத்திற்குள் மூக்கடைப்பு, முகச் சிவப்பு, கடும் மூச்சிரைப்பு வருகின்றன.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

1. முப்பது, நாற்பது வயதில் புதிதாக ஆஸ்துமா வந்தவர்கள்.
2. மூக்கில் சதை வளர்ச்சியோ தீராத சைனஸ் தொல்லையோ உள்ளவர்கள். வாசனை தெரியாமற் போனவர்கள்.
3. ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்கள்.

"முன்பு சாப்பிட்டபோது ஒன்றும் ஆகவில்லையே" என்பது உத்தரவாதமாகாது. நடுவயதில் இது திடீரென்று தோன்றலாம்.

டிஸ்பிரின், ஐபுப்ரோஃபென் உள்ள ப்ரூஃபென், டைக்ளோஃபெனாக் உள்ள வோவெரான், மெஃபனாமிக் அமிலம் உள்ள மெஃப்டால் எல்லாம் இந்த வகைதான். ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றவையும் ஒத்துக்கொள்ளா. ஊசியாகப் போட்டாலும் இதே விளைவுதான். பாராசிட்டமால் 500 மில்லிகிராம் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் காம்பிஃப்ளாமில் பாராசிட்டமாலுடன் ஐபுப்ரோஃபெனும் கலந்திருக்கிறது. ஆகவே பெயரை மட்டும் பார்க்காமல், அட்டையின் பின்புறமுள்ள சிறிய எழுத்தையும் படியுங்கள்.

வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் ஒத்துக்கொள்ளாத மருந்துகளின் பெயரை ஒரு சீட்டில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி அவர் பையில் வையுங்கள். பாஷை தெரியாத பெரியவர் தனியே டாக்டரிடம் போனாலும் அந்தச் சீட்டு பேசும். இதயத்துக்காக டாக்டர் சொல்லி ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்த வேண்டாம், அவரையே கேளுங்கள். மாத்திரை சாப்பிட்டபின் மூச்சு இரைத்தால் நிமிர்ந்து உட்காரவைத்து, வழக்கமான இன்ஹேலரைக் கொடுத்து, தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மாத்திரை அட்டையையும் மறவாமல் எடுத்துப் போங்கள்.