எதிரில் நிற்பவரையும் பார்

அன்புள்ள யாழினி,

உன் கடிதம் கிடைத்தது. வகுப்பில் பாதிப் பேர் அல்கராஸ் பக்கம், பாதிப் பேர் சின்னர் பக்கம் என்றும், சின்னருக்காக வாதாடி உனக்குத் தொண்டையே கட்டிப்போனதென்றும் எழுதியிருக்கிறாய். "இரண்டு பேரில் யார் பெரிய டென்னிஸ் ஆட்டக்காரர்? நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள் பெரியப்பா" என்றும் கேட்டிருக்கிறாய்.

தீர்ப்பு வேண்டாம் அம்மா. அதைவிட உனக்கு நெடுநாள் பயன்படுகிற ஒன்றைச் சொல்லித்தர விரும்புகிறேன். இரண்டு பெரிய ஆட்டக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் மோதும்போது அதை எப்படிப் பார்ப்பது என்பதுதான் அது. நான் ஃபெடரரின் ரசிகன் என்பது உனக்குத் தெரியும். ஆனால் டென்னிஸைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, அவரை அதிகம் தோற்கடித்த நடால், ஜோகோவிச் இருவரையும் கவனித்ததால் வந்தது. ஒருவருடைய திறமையை எதிராளிதான் இழுத்து வெளியே கொண்டுவருகிறார். ஆகவே உனக்குப் பிடித்தவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், அவருடைய ஆட்டத்திலேயே பாதியைத் தவறவிடுவாய்.

முதலில் எண்களைப் படிக்கக் கற்றுக்கொள். ஃபெடரரும் நடாலும் 40 முறை மோதினார்கள். நடால் 24, ஃபெடரர் 16. இதைச் சொல்லி வாதத்தை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. நீ இன்னும் ஒரு கேள்வி கேள்: எந்தத் தரையில்? களிமண் தரையில் மட்டும் நடால் 14, ஃபெடரர் 2. மற்ற தரைகளில் நடந்த 24 ஆட்டங்களில் ஃபெடரர் 14, நடால் 10. இன்னொன்றும் உண்டு. பெரிய போட்டிகளில் தரவரிசையின் முதல் இரண்டு இடங்களிலிருக்கும் ஆட்டக்காரர்கள் இறுதிச் சுற்றுக்கு முன்னால் சந்திப்பதில்லை. ஃபெடரர் களிமண்ணிலும் தொடர்ந்து இறுதிவரை வந்தார்; அங்கே நடால் காத்திருந்தார். பிரெஞ்சு ஓபனில் இருவரும் ஆறு முறை மோதினார்கள், ஆறிலும் நடாலே வென்றார். ஃபெடரர் களிமண்ணில் இன்னும் மோசமாக ஆடி முன்னதாகவே தோற்றிருந்தால், நடாலிடம் வாங்கிய தோல்விகளின் எண்ணிக்கை குறைந்திருக்கும்! இதனால் நடாலின் பெருமை கொஞ்சமும் குறையாது. பிரெஞ்சு ஓபனை 14 முறை வென்றவர் அவர். எண்ணுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, அதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

அடுத்து, பந்து எங்கே போகிறது என்று பார். நடால் இடது கையால் ஆடுபவர். அவருடைய ஃபோர்ஹேண்ட் குறுக்காகப் போனால், வலது கைக்காரரான ஃபெடரரின் பேக்ஹேண்ட் பக்கம் போய் விழும். நடால் மட்டையைக் கீழிருந்து மேலாக உரசி வீசுவார். பந்து கடுமையாகச் சுழன்று, வலைக்கு மேலே உயரமாகப் போய், சட்டென்று இறங்கி, தரையைத் தொட்டதும் தோள் உயரத்துக்கு எகிறும். களிமண்ணில் இன்னும் எகிறும். ஃபெடரருக்கோ ஒற்றைக் கை பேக்ஹேண்ட். இடுப்பு உயரத்தில் வரும் பந்தை அந்தக் கையால் அவர் என்ன வேண்டுமானாலும் செய்வார். தோள் உயரத்தில் வரும் பந்தை ஒற்றைக் கையால் ஓங்கி அடிப்பது, பரண்மேல் இருக்கும் கனமான பாத்திரத்தை ஒரே கையால் இறக்குவது மாதிரி, பலம் பிடிபடாது. நடால் இதைக் கண்டுகொண்டார். 2004இல் மயாமியில் முதன்முதலாக மோதியபோது அவருக்கு வயது 17. அன்றே நேர் செட்களில் வென்றுவிட்டார். அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் அதே மூலைக்குப் பந்தைப் போட்டுக்கொண்டே இருந்தார்.

இந்த முடிச்சை ஃபெடரர் அவிழ்க்க வெகுகாலம் ஆயிற்று. 2014இல் பழைய சிறிய மட்டையை விட்டு, தலைப்பகுதி பெரிதான மட்டைக்கு மாறினார். 2016இல் முழங்கால் காயத்தால் ஆறு மாதம் ஆடவில்லை. 2017 ஆஸ்திரேலிய ஓபனுக்குத் திரும்பி வந்தவர் இறுதிப் போட்டியில் நடாலைச் சந்தித்தார். ஐந்தாவது செட்டில் 1–3 என்று பின்தங்கியிருந்தார். அங்கிருந்து ஐந்து கேம்களைத் தொடர்ந்து வென்று கோப்பையை எடுத்தார். அந்த ஆட்டம் கிடைத்தால் தேடிப் பார். பேஸ்லைனை விட்டு அவர் பின்வாங்கவே மாட்டார். பந்து தோளுக்கு ஏறும் முன்பே, எழும்பும்போதே, பேக்ஹேண்டால் தட்டையாக அடித்துவிடுவார். பதின்மூன்று ஆண்டுக் கணக்குக்கு 35 வயதில் விடை கண்டுபிடித்தார். அந்த ஆண்டு நடாலுடன் நான்கு முறை ஆடி நான்கிலும் வென்றார். நடால் அந்த மூலையை அத்தனை ஆண்டு குறிவைத்திராவிட்டால், அந்த பேக்ஹேண்டை நாம் பார்த்திருக்கவே மாட்டோம்.

நடாலும் இதே வழியில் வளர்ந்தவர்தான். புல்தரை அவருக்குப் பழக்கமில்லாத இடம், ஃபெடரரின் கோட்டை. 2006 விம்பிள்டன் இறுதியில் நான்கு செட்களில் தோற்றார், 2007இல் ஐந்து செட் வரை இழுத்துத் தோற்றார். 2008இல் மழை இரண்டு முறை குறுக்கிட்டு, வெளிச்சம் மங்கி, ஐந்தாவது செட் 9–7 என்று முடிந்தபோது கோப்பை அவர் கையில் இருந்தது. 4 மணி 48 நிமிட ஆட்டம். புல்தரையில் தொடர்ந்து 65 ஆட்டங்கள் வென்றிருந்த ஃபெடரரை அங்கேயே வென்றார். அன்று எனக்கு மனம் கனத்தது. ஆனால் மூன்று ஆண்டுகளில் ஒருவர் தன் ஆட்டத்தை இவ்வளவு மாற்றிக்கொள்ள முடியும் என்பதை அந்த இறுதிப் போட்டியைவிடத் தெளிவாக எதுவும் எனக்குக் காட்டியதில்லை.

இருவரும் இப்படி ஒருவரையொருவர் செதுக்கிக்கொண்டிருந்தபோது மூன்றாவதாக ஜோகோவிச் வந்தார். அவருக்கு இரட்டைக் கை பேக்ஹேண்ட். ஃபெடரரைத் திணறடித்த அந்த உயரப் பந்து அவருக்கு வாகான பந்து. அதைக் கோட்டோரமாக நேராக அடித்து நடாலின் பேக்ஹேண்ட் பக்கம் அனுப்பிவிடுவார். 2011இல் இருவரும் ஆறு இறுதிப் போட்டிகளில் மோதினார்கள். ஆறிலும் ஜோகோவிச்சே வென்றார். அவற்றில் இரண்டு களிமண்ணில். 2012 ஆஸ்திரேலிய ஓபன் இறுதி 5 மணி 53 நிமிடம் நடந்தது. அதிலும் அவரே வென்றார். பரிசளிப்பில் நிற்க முடியாமல் இருவருக்கும் நாற்காலி போட வேண்டியிருந்தது. நடால் அதோடு ஓய்ந்துவிடவில்லை. சில மாதங்களில் பிரெஞ்சு ஓபன் இறுதியில் அவரைத் தோற்கடித்தார். அவர்கள் மொத்தம் 60 முறை மோதினார்கள்: 31–29, ஜோகோவிச் பக்கம்.

இன்னொன்றையும் ஜோகோவிச்சிடம்தான் கற்க வேண்டும். எல்லாப் புள்ளிகளும் ஒரே எடை உள்ளவை அல்ல. 2019 விம்பிள்டன் இறுதியில் ஃபெடரர் 218 புள்ளிகள் வென்றார், ஜோகோவிச் 204. ஐந்தாவது செட்டில் 8–7 என்ற நிலையில், தன் சர்வில், கோப்பைக்கான இரண்டு புள்ளிகள் ஃபெடரரிடம் இருந்தன. இருந்தும் தோற்றார். அந்த ஆட்டத்தில் வந்த மூன்று டை-பிரேக்குகளையும் ஜோகோவிச் எடுத்துக்கொண்டார். ஆகவே ஸ்கோர் நெருங்கும்போது யார் ஆட்டத்தை மாற்றுகிறார், யார் மாற்றாமல் நிற்கிறார் என்று கவனி. அந்தத் தருணங்களில் ஜோகோவிச் அவசரப்படவில்லை; பந்தை ஆழமாகப் போட்டு, தவறை எதிராளியிடம் விட்டுவிட்டார்.

எதிராளி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. சுவீடனின் போர்கும் அமெரிக்காவின் மெக்கன்ரோவும் 14 முறை மோதினார்கள், ஆளுக்கு ஏழு. 1980 விம்பிள்டன் இறுதியில் நான்காவது செட் டை-பிரேக்கை மெக்கன்ரோ 18–16 என்று வென்றார், ஐந்தாவது செட்டையும் கோப்பையையும் போர்க் வென்றார். அடுத்த ஆண்டு விம்பிள்டன், அமெரிக்க ஓபன் இரண்டிலும் மெக்கன்ரோ வென்றதும் போர்க் கிட்டத்தட்ட ஒதுங்கிவிட்டார். 26 வயதில் ஓய்வை அறிவித்தார். அந்தப் பிரிவால் தன் ஆட்டத்துக்கும் இழப்புதான் என்று மெக்கன்ரோவே பேசியிருக்கிறார். ஃபெடரர், நடால் கதைக்குத் திரும்பினால், 2022இல் ஃபெடரர் விடைபெற்ற ஆட்டம் லண்டனில் இரட்டையராக நடந்தது. ஜோடியாக அவர் சேர்த்துக்கொண்டது நடாலை. பக்கத்தில் உட்கார்ந்து நடாலும் அழுதார். தன்னை வளர்த்தது யார் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

இப்போது உன் சின்னருக்கு வருவோம். 2025 பிரெஞ்சு ஓபன் இறுதியில் கோப்பைக்கான மூன்று புள்ளிகள் அவர் கையில் இருந்தன. அல்கராஸ் மூன்றையும் மீட்டு, 5 மணி 29 நிமிடத்தில் வென்றார். சரியாக ஐந்து வாரம் கழித்து விம்பிள்டன் இறுதியில் அதே அல்கராஸை சின்னர் வென்றார். செப்டம்பரில் அமெரிக்க ஓபன் இறுதியில் மறுபடியும் தோற்றார். தோற்றதும் அவர் சொன்னதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: என் ஆட்டத்தை எளிதாக ஊகித்துவிடலாம் என்றாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்ற பொருளில் வெளிப்படையாகப் பேசினார். நவம்பரில் டூரினில், ஆண்டு இறுதிப் போட்டியில், அல்கராஸை நேர் செட்களில் வென்றார்.

அதனால் அடுத்த முறை இவர்கள் மோதும்போது இப்படிச் செய். முதல் செட் முழுக்க சின்னரை விட்டுவிட்டு அல்கராஸை மட்டும் பார். சர்வை எதிர்கொள்ள எங்கே நிற்கிறார், டிராப் ஷாட்டை எந்த ஸ்கோரில் போடுகிறார் என்று ஒரு தாளில் குறித்துக்கொள். இரண்டாவது செட்டில் சின்னருக்குத் திரும்பு. அவர் எப்போதும்போல் பின்னாலிருந்தே ஓங்கி அடிக்கிறாரா, வலைக்கு வருகிறாரா, சர்வின் திசையை மாற்றுகிறாரா? நீ குறித்ததற்கு அவர் என்ன பதில் வைத்திருக்கிறார்? அதன் பிறகு அல்கராஸ் கட்சித் தோழியோடு உட்கார்ந்து பேசு. அவள் பார்த்ததும் நீ பார்த்ததும் சேர்ந்தால்தான் ஆட்டம் முழுதாகும். உன் ஆள் தோற்றால் வருத்தப்படு, தப்பே இல்லை. ஆனால் வென்றவர் எதைச் சரியாகச் செய்தார் என்பதைச் சொல்லத் தெரியும் வரை அந்த ஆட்டத்தை விட்டுவிடாதே.

குறித்த தாளை எனக்கும் அனுப்பிவை.

அன்புடன்,
பெரியப்பா